எதில் பெரியது? – வீட்டையும் ஊரையும் ஆங்கிலத்தில் ஒப்பிடக் கற்பித்தல்

'ஸ்மால்' என்று நாம் தொடங்கினால் போதும், 'ஸ்மாலர், ஸ்மாலஸ்ட்' என்று வகுப்பே முடித்துவைக்கும். 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' அட்டவணை மாணவர்களுக்கு மனப்பாடம். அதே மாணவர்களிடம், "உங்கள் ஊரையும் மதுரையையும் ஒப்பிட்டு நான்கு வாக்கியம் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். 'மதுரை இஸ் பிக் தேன் அவர் வில்லேஜ்' என்று எழுதுவார்கள். அடுத்த வாக்கியத்தில் 'மோர் பிகர்' வரும். மூன்றாவது வாக்கியம் எழுத விஷயமே இருக்காது.

டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். வீடு, ஊர் ஆகியவற்றை வருணித்து ஒப்பிடும் பாடம் ஏதாவது ஒரு வடிவில் எல்லா வகுப்புகளிலும் வருகிறது. இதை நடத்தும்போது இலக்கண விதிக்கு முன்பாக ஒரே ஒரு கேள்வியை மாணவர்களிடம் பழக்கிவிட வேண்டும் என்பது என் அனுபவம். அந்தக் கேள்வி, 'எதில்?' என்பதே. மதுரை பெரியது என்றால் எதில் பெரியது? மக்கள்தொகையிலா, பரப்பிலா? மாடி வீடு நல்லது என்றால் எதில் நல்லது? மழைக்கா, வெயிலுக்கா? இந்தக் கேள்வி பழகிவிட்டால் சொல்வதற்கு விஷயமும் கிடைக்கிறது, இலக்கணமும் தானாக வந்து சேர்கிறது. இந்தப் பாடத்தில் நம் மாணவர்கள் சிலருக்கு ஏற்படக்கூடிய மனக்காயத்தையும் தவிர்க்க முடிகிறது.

தமிழ் எப்படி ஒப்பிடுகிறது?

'பிக் தேன்' என்ற பிழை கவனக்குறைவால் வருவதன்று. மாணவர் தமிழின் முறையை அப்படியே பின்பற்றுகிறார். 'மதுரையைவிடச் சென்னை பெரியது' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஒப்பீட்டைக் காட்டும் 'விட' என்ற சொல் மதுரையோடு சேர்ந்து நிற்கிறது. 'பெரியது' என்ற சொல்லில் மாற்றமே இல்லை. 'சென்னை பெரியது' என்றாலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் ஒப்பீட்டுக் குறி இரண்டு இடங்களில் வருகிறது. 'பிக்' என்பது 'பிகர்' ஆக வேண்டும். மதுரைக்கு முன்னால் 'தேன்' வர வேண்டும். 'விட' என்பதற்கு 'தேன்' என்று ஒரு சொல் கிடைத்துவிட்டதால், வேலை முடிந்தது என்று மாணவர் நினைத்துவிடுகிறார்.

இன்னொரு சிக்கல் சொல் வரிசை. தமிழில் மதுரை முதலில் வருகிறது, சென்னை அடுத்து வருகிறது. அதே வரிசையில் ஆங்கிலத்துக்குப் போகும் மாணவர் 'மதுரை இஸ் பிகர் தேன் சென்னை' என்று எழுதிவிடுகிறார். இலக்கணம் சரி, செய்தி தலைகீழ். விடைத்தாள் திருத்தும்போது 'பொது அறிவு இல்லை' என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது மொழிபெயர்ப்பில் நேர்ந்த தடுமாற்றம்.

எனவே பாடத்தின் தொடக்கத்திலேயே இரண்டு மொழிகளின் வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 'விட' என்பதை ஒரு வண்ணத்திலும், 'பிகர்' என்பதன் இறுதி ஒலியையும் 'தேன்' என்பதையும் அதே வண்ணத்திலும் வட்டமிடுகிறேன். தமிழில் ஒரு வட்டம், ஆங்கிலத்தில் இரண்டு வட்டம். "ஒரு வட்டம் குறைந்தால் வாக்கியம் நொண்டும்" என்று சொல்வேன். பிறகு மாணவர்கள் தங்கள் வாக்கியங்களில் வட்டங்களைத் தாங்களே எண்ணிப் பார்க்கிறார்கள். விதியைப் பத்து முறை சொல்வதைவிட இது விரைவாகப் பதிகிறது.

வீட்டைப் பற்றிக் கேட்கும் முன்

பல பயிற்சி நூல்களில், "உன் வீட்டையும் உன் நண்பன் வீட்டையும் ஒப்பிடு" என்ற செயல்பாடு இருக்கும். நம் வகுப்பறையில் இதை அப்படியே செய்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஒரே பெஞ்சில் மாடி வீட்டுப் பிள்ளையும் கூரை வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாடகை வீட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறும் பிள்ளை இருக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். 'மை ஹவுஸ் இஸ் ஸ்மாலர் தேன் யுவர் ஹவுஸ்' என்ற வாக்கியம் நமக்கு இலக்கணப் பயிற்சி. அதை எழுந்து நின்று படிக்க வேண்டிய பிள்ளைக்கு அது அப்படி இருக்காது.

எங்கள் பகுதியில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏராளமான கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் சேதமடைந்தன. தென்னை மரங்கள் சாய்ந்தன. அதன்பின் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளிடம், "உன் வீட்டை வருணனை செய்" என்று சொல்ல முடியுமா?

அதற்காகப் பாடத்தைத் தவிர்க்கவும் கூடாது. தன் வீட்டைப் பற்றிப் பேசும் சொற்கள் யாரைவிடவும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தேவை. நான் கடைப்பிடிக்கும் ஏற்பாடு எளியது. மாணவரின் வீட்டை மாணவரின் வீட்டோடு ஒப்பிடுவதில்லை. வீட்டு வகையை வீட்டு வகையோடு ஒப்பிடுகிறோம். கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு, தொகுப்பு வீடு, லைன் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிய ஆறு படங்களை மாணவர்களே வரைந்து சுவரில் ஒட்டுகிறார்கள். எல்லா ஒப்பீடுகளும் அந்தப் படங்களைப் பற்றியவை. தன் வீட்டைப் பற்றிச் சொல்ல விரும்பும் பிள்ளை தானாகச் சொல்லலாம்; யாரையும் கேட்பதில்லை.

முதலில் வருணனை

ஒப்பிடுவதற்கு முன் வருணிக்கத் தெரிய வேண்டும். இங்கேயும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது. 'எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் இருக்கின்றன' என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தின் 'ஹேவ்' என்ற வினைக்கு நேரான வினை தமிழில் இல்லை. ஆகவே 'மை ஹவுஸ் இன் டூ ரூம்ஸ் இஸ்' என்பது போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. 'மை ஹவுஸ் ஹேஸ் டூ ரூம்ஸ்', 'தேர் ஆர் டூ ரூம்ஸ் இன் மை ஹவுஸ்' என்ற இரு சட்டகங்களை மட்டும் கொடுத்து, படங்களை வைத்து வாய்மொழியாக நிறையப் பயிற்சி தந்தால் போதும். வேப்பமரம், திண்ணை, கொல்லை, கிணறு, மாட்டுக்கொட்டகை என்று அவர்கள் அறிந்த பொருள்களைச் சட்டகத்தில் பொருத்தச் சொல்லுங்கள். திண்ணைக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்றால் 'திண்ணை' என்றே எழுதட்டும். சட்டகம் சரியாக இருக்கிறதா என்பதே இந்த நிலையில் முக்கியம்.

சில சொற்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'டைல்ட் ஹவுஸ்' என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓட்டு வீடு. நம் பிள்ளைகளுக்கோ 'டைல்ஸ்' என்றால் தரையில் பதிக்கும் பளபளப்பான கல். ஒரு மாணவர் ஓட்டு வீட்டுப் படத்தைப் பார்த்து, "இதில் டைல்ஸே இல்லையே" என்று கேட்டது நியாயமான கேள்வி. 'எ ஹவுஸ் வித் எ டைல்ட் ரூஃப்' என்று சொல்லிக் கொடுத்தால் குழப்பம் தீரும். 'டெரஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். நாம் மொட்டை மாடி உள்ள வீட்டை டெரஸ் வீடு என்கிறோம். இங்கிலாந்து ஆங்கிலத்தில் 'டெரஸ்ட் ஹவுஸ்' என்றால் பக்கச் சுவர்களைப் பொதுவாகக் கொண்டு வரிசையாக ஒட்டி நிற்கும் வீடு; ஏறத்தாழ நம் லைன் வீடு.

'ஊர்' என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துக் காட்டலாம். தமிழில் குக்கிராமமும் ஊர்தான், சென்னையும் ஊர்தான். ஆங்கிலத்தில் 'வில்லேஜ்', 'டவுன்', 'சிட்டி' என்று அளவைப் பொறுத்துச் சொல் மாறும். இதைச் சொல்லாவிட்டால் நூறு வீடுகள் உள்ள கிராமத்தை 'மை சிட்டி' என்று எழுதுவார்கள்.

வீடுகளை ஒப்பிடுதல்

சுவரில் உள்ள ஆறு படங்களுக்கு அருகே ஓர் அட்டவணை வரையுங்கள். மேல்வரிசையில் அளவுகோல்கள்: குளிர்ச்சி, உறுதி, செலவு, அமைதி, இட வசதி, பழுது பார்க்கும் எளிமை. ஒவ்வொரு குழுவும் இரண்டு படங்களையும் ஓர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'எதில்?' என்ற கேள்விக்கு விடை சொல்லாத வாக்கியத்தை வகுப்பு ஏற்காது.

இந்தச் செயல்பாட்டில் ஒன்று தெரியவரும். எந்த வீடும் எல்லா வரிசையிலும் முதலிடம் பெறுவதில்லை. வெயில் காலத்தில் கூரை வீடு 'கூலர்'. புயலுக்கு மாடி வீடு 'ஸ்ட்ராங்கர்'. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுவது எளிது; அதனால் அது 'ஈசியர் டு ரிப்பேர்'. மாடி வீடு கட்டுவதற்கு 'மோர் எக்ஸ்பென்சிவ்'. கூரை வீட்டுப் பிள்ளை அதுவரை வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். குளிர்ச்சி என்ற அளவுகோல் வரும்போது வகுப்பில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். ஒவ்வோர் ஆண்டும் கீற்று மாற்றும் செலவைப் பற்றிச் சொல்லக்கூடியவரும் அவர்தான்.

வாய்ச்சொல்லை நம்பாமல் அளந்தும் பார்க்கலாம். அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வெப்பமானியை வாங்கி, பிற்பகல் 2 மணிக்குக் கான்கிரீட் தளம் போட்ட வகுப்பறை, ஓட்டுக் கட்டடம், மரத்தடி ஆகிய மூன்று இடங்களின் வெப்பநிலையைக் குறியுங்கள். எண் எதுவாக வந்தாலும் அதிலிருந்து வாக்கியம் பிறக்கும். மூன்று இடங்கள் இருப்பதால் 'தி கூலஸ்ட்', 'தி ஹாட்டஸ்ட்' என்ற மூன்றாம் நிலைக்கும் அங்கேயே வழி கிடைக்கும். தமிழில் 'தி' போன்ற சொல் இல்லாததால் மாணவர்கள் அதை விட்டுவிடுவார்கள். "மூன்றில் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம், அந்தச் சுட்டுவிரல்தான் 'தி'" என்று சொன்னால் நினைவில் நிற்கிறது.

'பெட்டர்' என்ற சொல்லுக்கு மட்டும் எங்கள் வகுப்பில் தனி விதி உண்டு. 'பெட்டர்' தனியாக நிற்கக் கூடாது. 'பெட்டர் ஃபார்' என்று தொடர வேண்டும். 'எ கான்கிரீட் ஹவுஸ் இஸ் பெட்டர்' என்றால் வாக்கியம் முடியவில்லை. 'பெட்டர் ஃபார் தி ரெய்னி சீசன்' என்றால் முடிந்தது. இது ஆங்கில இலக்கண விதியன்று. சிந்தனைக்காக நாம் வகுத்துக்கொண்ட வகுப்பு விதி.

புயலில் கூரை வீட்டை இழந்து, பின்னர் தொகுப்பு வீட்டுக்குக் குடிபோன மாணவி ஒருத்தி இந்தச் செயல்பாட்டின்போது தானாக எழுந்து இரண்டு வாக்கியம் சொன்னாள். 'அவர் ஓல்ட் ஹவுஸ் வாஸ் கூலர். அவர் நியூ ஹவுஸ் இஸ் ஸ்ட்ராங்கர்.' 'வாஸ்' எங்கே, 'இஸ்' எங்கே என்பதை நான் அன்று சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய செய்தி அவளிடம் இருந்தது. அதற்கான இலக்கணத்தை அவளே தேடி எடுத்துக்கொண்டாள். அடுத்த வகுப்புகளில் 'அன்றும் இன்றும்' என்ற தலைப்பில் ஒரே வீட்டை, ஒரே தெருவை, ஒரே குளத்தை இரண்டு காலங்களில் ஒப்பிடும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால் செய்திக்குப் பஞ்சமே இருக்காது.

நகரங்களை ஒப்பிடுதல்

வீட்டில் பழகிய 'எதில்?' என்ற கேள்வியை நகரத்துக்குக் கொண்டுபோகும்போது எண்களும் துணைக்கு வருகின்றன. சென்னை, கோவை, மதுரை மூன்றையும் எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விரிவாக்கத்துக்கு முந்தைய மாநகராட்சி எல்லைக்குள் சென்னையில் சுமார் 46.5 லட்சம், கோவையில் சுமார் 10.5 லட்சம், மதுரையில் சுமார் 10.2 லட்சம் பேர் வசித்தனர். சென்னை 'தி பிகஸ்ட்' என்பதில் ஐயமில்லை. கோவையும் மதுரையும்? வேறுபாடு மிகச் சிறியது. 'கோயம்புத்தூர் இஸ் ஸ்லைட்லி பிகர் தேன் மதுரை' என்று சொல்லலாம். 'மதுரை இஸ் ஆல்மோஸ்ட் அஸ் பிக் அஸ் கோயம்புத்தூர்' என்றும் சொல்லலாம். 'மச் பிகர்', 'ஸ்லைட்லி பிகர்', 'அஸ் பிக் அஸ்' ஆகிய மூன்றையும் இந்த மூன்று எண்களை வைத்தே கற்பித்துவிடலாம்.

இப்போது அளவுகோலை மாற்றுங்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் என்றால் கோவை சுமார் 400 மீட்டர், மதுரை சுமார் 100 மீட்டர். கடலோரச் சென்னையின் சராசரி உயரம் 10 மீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகையில் முதலிடம் பிடித்த சென்னை இங்கே கடைசி. 'ஹையர்', 'லோயர்', 'தி ஹையஸ்ட்' ஆகிய சொற்கள் புழங்கும்.

பழமை என்ற அளவுகோல் இன்னும் சுவையானது. சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்ற நகரம் மதுரை. சென்னை நகரின் வளர்ச்சியோ 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த பிறகு தொடங்கியது. எனவே 'மதுரை இஸ் ஓல்டர் தேன் சென்னை'. ஆனால் மாநகராட்சி என்ற அமைப்பை எடுத்துக்கொண்டால் சென்னை மாநகராட்சி 1688இல் ஏற்பட்டது; மதுரை 1971இலும் கோவை 1981இலும் மாநகராட்சிகள் ஆயின. நகரத்தில் மதுரை மூத்தது, மாநகராட்சியில் சென்னை மூத்தது. 'எதில்?' என்று கேட்காமல் எழுதினால் இரண்டில் ஒரு விடை தவறாகிவிடும். எட்டாம் வகுப்பில் இதை வைத்து இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதிடச் செய்யலாம். இரண்டு அணியும் வெல்லும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இன்னும் ஒரு படி போகலாம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவடைந்தது. எல்லை மாறினால் மக்கள்தொகை எண்ணும் மாறும். ஒரு நகரத்தின் பழைய எல்லைக் கணக்கையும் மற்றொரு நகரத்தின் புதிய எல்லைக் கணக்கையும் ஒப்பிட்டால் இலக்கணம் சரியாக இருந்தும் செய்தி பிழையாகும். இதையே வாக்கிய அளவிலும் காட்டலாம். 'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை' என்ற வாக்கியத்தில் மக்கள்தொகையை ஊரோடு ஒப்பிடுகிறோம். 'தேன் தட் ஆஃப் மதுரை' என்றால்தான் மக்கள்தொகையை மக்கள்தொகையோடு ஒப்பிடுகிறோம். இனத்தை இனத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது கணக்கிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு.

கடைசியாகத் தங்கள் கிராமத்துக்கு வரட்டும். 'கொயட்டர்', 'சேஃபர் ஃபார் சைக்கிளிங்', 'லெஸ் க்ரௌடட்' என்று கிராமம் முன்னிற்கும் அளவுகோல்கள் பல உண்டு. 'ஃபார்தர் ஃப்ரம் தி ஹாஸ்பிடல்' என்று பின்தங்கும் அளவுகோல்களும் உண்டு. இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். சொந்த ஊரைப் பெருமையாகப் பேசவும், அதற்கு என்ன தேவை என்று சொல்லவும் ஒரே இலக்கணம் உதவுகிறது.

அடிக்கடி வரும் பிழைகள்

1. 'மோர் பிகர்': தமிழின் 'இன்னும் பெரியது' என்பதிலிருந்து வருவது. குட்டிச் சொல்லுக்கு வால், நீண்ட சொல்லுக்கு 'மோர்' என்ற தொப்பி. இரண்டும் சேர்ந்து வராது என்று சொல்லலாம். 'நாய்சி' போன்று 'ஈ' ஒலியில் முடியும் ஈரசைச் சொற்கள் பெரும்பாலும் வால் கேட்கும். 'க்ரௌடட்' தொப்பி கேட்கும்.

2. 'குட், குட்டர்': 'பெட்டர்', 'வர்ஸ்' இரண்டையும் அட்டவணையில் சேர்க்காமல் வாக்கியத்திலேயே பழக்குங்கள்.

3. தலைகீழ் வாக்கியம்: எழுதும் முன் 'யாரைப் பற்றிப் பேசுகிறோம்?' என்று கேட்டு அந்தப் பெயரை முதலில் எழுதச் செய்யுங்கள்.

ஒரே வகுப்பில் பல நிலை மாணவர்கள் இருப்பார்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளைப் போலவே இங்கும் வேலையைப் பிரிக்கலாம். முதல் நிலையினர் படத்தைப் பார்த்து 'ஹேஸ்' வாக்கியம் சொல்வார்கள். அடுத்த நிலையினர் இரண்டு படங்களை ஒப்பிடுவார்கள். மூன்றாம் நிலையினர் 'பிகாஸ்' சேர்த்துக் காரணமும் எழுதுவார்கள். மூவரும் ஒரே சுவரைப் பார்த்தே வேலை செய்வதால் யாரும் தனித்துவிடப்படுவதில்லை.

மதிப்பீட்டுக்குக் கோடிட்ட இடம் நிரப்பும் வினாக்கள் மட்டும் போதாது. இரண்டு படங்களைக் கொடுத்து, மூன்று வெவ்வேறு அளவுகோல்களில் மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றாவது முதல் படத்துக்குச் சாதகமாகவும், ஒன்றாவது இரண்டாம் படத்துக்குச் சாதகமாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அட்டவணையை ஒப்பித்த மாணவர் இங்கே திணறுவார். யோசிக்கப் பழகிய மாணவர் எழுதிவிடுவார்.

இந்தப் பாடத்துக்குச் செலவு ஆறு தாள்களும் சில வண்ணப் பென்சில்களும்தான். அடுத்த முறை 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' நடத்தும்போது அட்டவணையை எழுதுவதற்கு முன், கரும்பலகையின் மேல் மூலையில் 'எதில்?' என்று எழுதிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் அளவுகோல்கள் எங்கள் ஊரிலிருந்து மாறுபட்டவையாக இருக்கும். மலைப்பகுதியில் குளிர் வரும், மீனவர் குப்பத்தில் கடலின் தூரம் வரும், தொழில் நகரத்தில் வாடகை வரும். அவற்றைக் குறித்துவைத்து சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொண்டால் நம் எல்லோருடைய வகுப்பறைக்கும் அது பயன்படும்.